எட்வின் எழுதிய கிணறு

எட்வின் எங்கள் கம்பெனியில் சேர்ந்த அன்று, முதலாளி இளஞ்செழியன் அவரை எனக்கு இப்படித்தான் அறிமுகம் செய்துவைத்தார்.

"மணிமொழி, சார் பெங்களூர்ல ரயில்வே சிக்னலுக்கு சாஃப்ட்வேர் எழுதிக்கினு இருந்தவரு. இனிமே கஸ்டமருக்கு இன்னா வேணும்னு சார் எழுதித் தருவாரு. நீ அதைப் பாத்து புரோகிராம் போடு."

எட்வின் பணிவாகத் திருத்தினார். "நான் சாஃப்ட்வேர் எழுதலைங்க. ரயில்னா இன்னான்னு எழுதனேன்."

இளஞ்செழியன் சிரித்தார். எட்வின் சிரிக்கவில்லை. அவர் நகைச்சுவையாக எதுவும் சொல்லவில்லை என்பது எங்களுக்குப் புரியக் கொஞ்ச காலம் பிடித்தது.

கம்பெனி என்றால் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் ரோட்டில் ஓர் உரக்கடையின் மேல்மாடி. நான்கு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன், கீழேயிருந்து வரும் யூரியா வாசனை. விவசாயிகளுக்கான மொபைல் ஆப் செய்து விற்பது எங்கள் வேலை. செய்வது நான், விற்பது இளஞ்செழியன். இரண்டுக்கும் நடுவில் எட்வின் வந்து உட்கார்ந்தார், பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவதாக உட்காருவார்களே, அப்படி.

அவருக்குச் சொந்த ஊர் ரிஷிவந்தியம் பக்கம். மனைவி ஜூலியா அங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். டீச்சருக்கு ஊரைவிட்டு வர மனமில்லை, இவருக்கு டீச்சரை விட்டு இருக்க மனமில்லை. அதனால் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். மற்றபடி அவரைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. டீயில் சர்க்கரை கம்மி, மதியம் எப்போதும் தயிர்சாதம், கோபம் வராது. கோபம் வராத ஆளோடு வேலை செய்வது எவ்வளவு எரிச்சல் என்பதை அதுவரை நான் அறிந்ததில்லை.

எந்த வேலையிலும் மூன்று விதமான பேச்சு உண்டு என்பார். நாம் வந்தாலும் வராவிட்டாலும் உலகத்தில் இருப்பது ஒன்று. அதில் என்ன மாறவேண்டும் என்று நாம் ஆசைப்படுவது இன்னொன்று. அதற்காக மெஷின் என்ன செய்யவேண்டும் என்பது மூன்றாவது. "எல்லாரும் மூணாவதுல ஆரம்பிக்கறாங்க. அப்புறம் முதலாவதுல போய் முட்டிக்கறாங்க" என்பார். அவர் முதலாவதை மட்டும் எழுதுவார். ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் தமிழில் எழுதி, அதற்குக் கீழே கணக்குக் குறிகளில் எழுதுவார். பக்கம் முழுக்கத் தலைகீழாக நிற்கும் ஆங்கில 'ஏ' எழுத்துகள். 'எல்லாவற்றுக்கும்' என்று அதற்கு அர்த்தமாம். தமிழில் எழுதினால் ஆளுக்கு ஒரு விதமாகப் புரிந்துகொள்வார்கள், குறியில் எழுதினால் அந்த வழுக்கல் கிடையாது, எங்கே ஓட்டை என்று தானாகத் தெரிந்துவிடும் என்பது அவர் வாதம். எழுதியதை அந்தத் தொழிலில் இருப்பவரிடம் ஒவ்வொன்றாக வாசித்துக்காட்டி, 'ஆமா', 'இல்ல' என்று பதில் வாங்குவார். கல்யாணத்துக்கு முன்னால் கல்யாணம் என்றால் என்ன என்று எழுதி ஜூலியா டீச்சரிடமும் இப்படித்தான் 'ஆமா' வாங்கியிருப்பார் என்று நான் ஆபீசில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது அவர் காதுக்கும் போனது. "ஒண்ணுக்கு மட்டும் இல்லன்னாங்க" என்றார். எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவருடைய முதல் வேலை கல்வராயன் மலைக்கு ஓடும் ஷேர் ஜீப்புகள். அடுத்த ஜீப் எத்தனை மணிக்கு என்று போனிலேயே காட்டினால் மலைக்காரர்கள் ரோட்டோரம் காத்திருக்க வேண்டாம் என்பது இளஞ்செழியனின் யோசனை. எட்வின் ஒரு வாரம் அந்த ஜீப்புகளிலேயே ஏறி இறங்கினார். திரும்பிவந்து ஒரே ஒரு பக்கம் கொடுத்தார். ஜீப் கிளம்பும் நேரம் என்று உலகத்தில் எதுவும் இல்லை. ஜீப் நிறைந்தால் கிளம்பும். நிறைவது என்பது ஆள் கணக்கு இல்லை. டிரைவர் 'நெரஞ்சுடுச்சி' என்று சொல்வதுதான். சொன்ன பிறகும் ஏறுவார்கள். ஆகவே இல்லாத ஒன்றைப் போனில் காட்ட முடியாது. இளஞ்செழியன் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, ஏ.சி. வாங்கலாம் என்றிருந்த யோசனையைத் தள்ளிவைத்தார்.

அதற்கு அப்புறம் வந்ததுதான் பங்குக் கிணறு.

எங்கள் பக்கம் ஒரு கிணறு பல பங்காளிகளுக்குப் பொதுவாக இருக்கும். மோட்டாரும் பொது. இன்று உனக்கு, நாளைக்கு எனக்கு என்று முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். இதில் நடக்கும் சண்டைகளை வைத்துத்தான் உள்ளூர் வக்கீல்கள் பாதிப் பேர் பிழைக்கிறார்கள். இளஞ்செழியன் ஒரு பெட்டி வாங்கி வந்தார். மோட்டார் கொட்டகையில் அதைப் பொருத்திவிட்டால் போனிலிருந்தே மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். முறை யாருடையதோ அவர் மட்டும்தான் போட முடியும். மற்றவர் கொட்டகைக்கே போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்கினாலும் ஓடாது. "பங்காளிச் சண்டைக்கு ஃபுல் ஸ்டாப்" என்று நோட்டீஸே அடித்துவிட்டார்.

சோதித்துப் பார்க்க ஒரு கிணறு வேண்டும். வடக்கனந்தலில் எங்கள் கிணறு இருக்கிறது என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

எங்கள் கிணற்றில் இரண்டே பங்கு. ஒன்று என் அப்பா செல்லமுத்து, இன்னொன்று சித்தப்பா சின்னதுரை. இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. என் மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகையில் சித்தப்பாவின் பெயர் விடுபட்டுப்போனது. அச்சகத்துக்காரன் செய்த தப்பு. 'நீ பாக்காமயா அச்சடிச்சே' என்று சித்தப்பா கேட்டார். 'என்னையே சந்தேகப்படுறியா' என்று அப்பா கேட்டார். அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது. அம்மாவும் சித்தி அமிர்தமும் தண்ணீர்க் குழாயடியில் நன்றாகப் பேசிக்கொள்வார்கள். ஆம்பளைகள் இரண்டு பேரும் எதிரெதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக் கல்வராயன் மலையைப் பார்ப்பார்கள். என் விழாவால் வந்த வினை என்பதால் எனக்கு அது எப்போதும் ஒரு முள். இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்கவே பிடிக்காது என்று நினைத்துத்தான் நான் வளர்ந்தேன்.

எட்வின் கிணற்றடிக்கு வந்தார். வேப்பமர நிழலில் அப்பாவை உட்காரவைத்து வாசிக்க ஆரம்பித்தார். நான் பக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன்.

"ஐயா, ஒரு நாள் முறை ஒருத்தருக்குத்தான்."

"ஆமாங்க."

"முறை இல்லாதவரு மோட்டார் போடமாட்டாரு."

"போடமாட்டான்." அப்பா கொஞ்சம் யோசித்தார். "உயிர்த்தண்ணிக்குத் தவிர."

எட்வின் பேனாவை எடுத்தார். உயிர்த்தண்ணி என்பது நட்ட மூன்றாம் நாள் விடும் தண்ணீர். அது தப்பினால் நட்டது பிழைக்காது.

"அன்னிக்கு உங்க முறையா இருந்தா, அவரு உங்களைக் கேப்பாரா?"

"என்னை எதுக்குக் கேக்கறான்? எங்களுக்குப் பேச்சே இல்லையே."

"அப்ப நீங்களா விட்டுக் குடுப்பீங்களா?"

"நான் எங்க வுட்டேன்?" அப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "அவனுக்கு நான் எதுவும் வுடமாட்டேன்."

"அப்ப இன்னா நடக்கும்?"

"ஒண்ணும் நடக்காது. நான் அன்னிக்கு இந்தப் பக்கம் வரமாட்டேன். வூட்லயே இருப்பேன். அவன் பாட்டுக்கு வந்து போட்டுக்கினு போவான்."

"அவரு நட்டது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணு இருக்குதில்ல? அவன் இன்னா நட்டான், எப்ப நட்டான்னு பாத்துக்கினுதான் இருப்பேன்."

அதே கேள்விகளை எட்வின் சித்தப்பாவிடமும் போய்க் கேட்டார். பெயரை மாற்றினால் அதே பதில். கோபம்கூட அதே இடத்தில் வந்ததாம்.

எட்வின் எழுதிக்கொண்டுவந்தார். உயிர்த்தண்ணி கேட்கப்படுவதில்லை, கொடுக்கப்படுவதும் இல்லை, மறுக்கப்படுவதும் இல்லை. முறைக்காரர் அன்றைக்கு அங்கே இல்லாமல் போகிறார், அவ்வளவுதான். இந்த இரண்டு பேரும் எப்போதும் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்பதையும் ஒரு விதியாக எழுதி, முன்னால் ஒரு தலைகீழ் 'ஏ' போட்டிருந்தார்.

"இதை வச்சிக்கினு நான் இன்னா சார் புரோகிராம் போடறது?" என்று கத்தினேன். "ஒருத்தர் இல்லாம போறதை எப்படி மெஷின்ல எழுதறது?"

"அதைத்தான் யோசிக்கணும். இன்னும் கொஞ்ச நாள் குடுங்க."

கொஞ்ச நாள் இல்லை. உளுந்தூர்பேட்டையில் விவசாயக் கண்காட்சி வந்துவிட்டது, இளஞ்செழியன் அங்கே ஸ்டால் போட்டுக் காட்டியாக வேண்டும். எட்வினிடம் கேட்காமல் நானே ஒரு வழி செய்தேன். அது என்ன பெரிய வித்தையா? முறை இல்லாதவர் மோட்டாரைப் போட முயன்றால், முறைக்காரர் போனுக்கு ஒரு செய்தி போகும். 'இன்னார் தண்ணீர் கேட்கிறார்.' கீழே இரண்டு பொத்தான்: சம்மதம், மறுப்பு. உலகத்திலுள்ள எல்லா ஆப்பிலும் அப்படித்தான் இருக்கிறது. பெட்டியை எங்கள் கிணற்றில் பொருத்தி, இரண்டு பேர் போனிலும் ஆப்பை ஏற்றிவிட்டு, சீக்கிரம் முடித்துவிட்ட பெருமையில் இளஞ்செழியனிடம் டீ வாங்கிக் குடித்தேன்.

அந்த வாரம் சித்தப்பா மரவள்ளி நட்டிருந்தார். அவருக்கு நிலம் என்று இருப்பது அந்த ஒரு கொல்லைதான். வருஷம் முழுக்க அதை நம்பித்தான் வீடு. கரணை என்கிற குச்சித் துண்டுகளை நட்ட மூன்றாம் நாள், அப்பாவின் முறை. அப்பா வழக்கம்போல வீட்டிலேயே இருந்துகொண்டார். சித்தப்பா மண்வெட்டியோடு கொட்டகைக்குப் போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்கினார். ஓடவில்லை. அவர் சட்டைப் பையில் போன் 'டிங்' என்றது. 'உங்கள் கோரிக்கை செல்லமுத்துவுக்கு அனுப்பப்பட்டது.'

ஆபீசில் என் போன் அடித்தது. அப்பா.

"இன்னாம்மா இது? சின்னதுரை தண்ணீர் கேட்கிறார்னு வருது."

"ஆமாப்பா. சம்மதம்னு இருக்குதுல்ல, அதை அமுக்கு."

"அவன் கேக்கமாட்டானேம்மா."

"அப்பா, அது அப்படித்தான் வரும். நீ அமுக்கு."

"அவன் கேக்காத போது கேக்கறான்னு சொல்றதுக்கு இந்தப் போன் யாரு? நான் அமுக்கனா, அவன் கேட்டு நான் குடுத்த மாதிரி ஆய்டும். அமுக்கலன்னா நான் இல்லன்ன மாதிரி ஆய்டும். நான் இப்ப இன்னாதான் பண்றது?"

ஆபீசில் உட்கார்ந்தபடியே பெட்டியில் போட்டிருந்த முறைப் பூட்டை எடுத்துவிட்டேன். ஒரு நிமிஷ வேலை. இனி யார் வேண்டுமானாலும் மோட்டார் போடலாம். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்த நேரத்தில் அமிர்தம் சித்தி கூப்பிட்டார்.

"மணி, உன் சித்தப்பா வூட்டுக்கு வந்து படுத்துட்டாரும்மா. அவரு போய் உங்கப்பா கிட்ட தண்ணி கேட்டாருன்னு போன்ல எழுதி வந்துடுச்சாம். இனிமே அந்தத் தண்ணி எனக்கு வாணாம், காஞ்சா காயட்டும்ங்கறாரு. வெயில் இன்னா அடி அடிக்குது பாரு. கரண எப்படிம்மா தாங்கும்?"

பத்திரிகை விஷயத்துக்கு அப்புறமும் இத்தனை வருஷமாக அந்த இரண்டு பேருக்கும் நடுவில் உடையாமல் இருந்தது அந்தத் தண்ணீர் ஒன்றுதான். அதில் போய் நான் இரண்டு பொத்தான் வைத்திருக்கிறேன். என் ஸ்கூட்டியை எடுத்தேன். எட்வின் பின்னால் ஏறிக்கொண்டார்.

வழி முழுக்க, 'நான் அப்பவே சொன்னேன்' என்று அவர் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். சொன்னால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவதாகவும் முடிவு செய்திருந்தேன். அவர் வேறொன்று சொன்னார்.

"தப்பு என்னுதும்தான் மணிமொழி. கேக்கறதில்லன்னு எழுதனேன். கேட்டா இன்னா ஆகும்னு ரெண்டு பேர்கிட்டயும் நான் கேக்கவேயில்ல."

இறக்கிவிட வழியில்லாமல் போயிற்று.

வீட்டில் இருப்புக் கொள்ளாமல் அப்பா கிணற்றடிக்கு வந்து உட்கார்ந்திருந்தார். போன் எதிரே துண்டின் மேல் கிடந்தது, ஏதோ கடித்துவிடும் என்பது போலத் தள்ளி வைத்திருந்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சித்தப்பாவின் கொல்லை. நட்ட கரணைகளைச் சுற்றி மண் வெளுத்துக்கொண்டிருந்தது. அப்பா அதைப் பார்ப்பதும் தலையைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தார். எட்வினைப் பார்த்ததும் எழுந்தார்.

"சார், எல்லாம் எழுதி வச்சிருக்கீங்களே. நான் இப்ப இன்னா பண்ணணும்னு அதுல போட்டிருக்குதா பாத்துச் சொல்லுங்க."

எட்வின் பையைத் திறக்கக்கூட இல்லை.

"அதுல நடக்கறது மட்டும்தாங்க ஐயா இருக்குது. நடக்க வேண்டியது இல்ல."

"அப்ப அதை யாரு எழுதறது?"

"அது உங்ககிட்டதாங்க கேக்கணும்."

அப்பா அவரை முறைத்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அப்பா திட்டவில்லை. கொட்டகைக்குள் போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்கினார். மோட்டார் பிடித்துக்கொண்டது. மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். தன் வாய்க்காலின் மடையை அடைத்தார். சித்தப்பாவின் மடையை வெட்டிவிட்டார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தக் கொல்லைக்குள் இறங்கினார். அவர் அந்த மண்ணில் கால் வைத்து நான் பார்த்ததே இல்லை.

ஒவ்வொரு பாத்தியாகத் திருப்பிவிட்டுக்கொண்டே போனார். தண்ணீர் போன இடமெல்லாம் மண் கறுத்தது.

மோட்டார் சத்தம் கேட்டிருக்க வேண்டும். சித்தப்பா தெருப் பக்கமிருந்து வேகமாக வந்தார். சட்டைகூடப் போடவில்லை. வரப்புக்கு வந்ததும் நின்றுவிட்டார். தன் கொல்லையில் குனிந்திருக்கும் ஆள் யார் என்று பார்த்தார். அவர் முகத்தில் கோபமா, வேறு ஏதாவதா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பாவைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினார்.

"மணி. நான் கேக்கலன்னு உங்கப்பா கிட்ட சொல்லு."

கத்தித்தான் சொன்னார். அப்பாவுக்குக் கேட்காமல் இருக்க வழியே இல்லை. ஆனாலும் சொல்லச் சொன்னதைச் சொல்ல வேண்டுமே என்று நான் வாயைத் திறந்தேன்.

அப்பா குனிந்த தலை நிமிராமல், மண்ணை வெட்டிப் போட்டபடி சொன்னார்.

"கேட்டாதான் இன்னாடா."

என் பக்கத்தில் எட்வின் முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். எப்போதும் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்று அவர் எழுதிய விதி கண்ணெதிரே பொய்யாகிவிட்டது. எழுதியது தவறிப்போனதற்கு ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெயிலில் கண் கூசுகிற மாதிரி துப்பட்டாவால் துடைத்துக்கொண்டேன்.

சித்தப்பா வரப்பிலிருந்து இறங்கி, கையாலேயே மண்ணை அள்ளி, நிறைந்த பாத்தியின் வாயை அடைத்தார். அப்பா அடுத்ததைத் திறந்தார். இவர் அடைக்க, அவர் திறக்க, இரண்டு பேரும் கொல்லையின் அந்தக் கோடி வரைக்கும் போனார்கள். அப்படியே திரும்பி வந்தார்கள். மண்வெட்டி ஒன்றுதான் இருந்தது. நடுவில் எப்போதோ அது சித்தப்பா கைக்குப் போயிருந்தது. எப்போது என்று நாங்கள் கவனிக்கவில்லை.

கடைசிப் பாத்தியில் தண்ணீர் ஏறி நின்றதும் சித்தப்பா நிமிர்ந்தார். இந்தத் தடவை என் பக்கம் திரும்பவில்லை.

"நெரஞ்சுடுச்சிண்ணே. மோட்டார நிறுத்து."

என் கையில் போன் இருந்தது. மோட்டாரை நிறுத்தும் பொத்தான் அதில் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. நான் அதைத் தொடவில்லை. அப்பா சேற்றுக் காலோடு கொட்டகை வரைக்கும் நடந்து போய் நிறுத்திவிட்டு வந்தார்.